பான்சிக்கின் பாடைக்கு முன்னால்

பான்சிக் செத்த சேதி வந்தபோது மல்சிம் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த முள்ளங்கியைப் பிறகு பார்த்தேன். மாவாகக் கிடந்தது. நறுக்கும் பலகையிலும் பாதி அதில் கலந்திருந்தது என்று சத்தியம் செய்வேன்.

அத்தனை கோபம் எதற்கு என்று ஜிண்டோ தீவில் எங்கள் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எட்டு வருஷத்துக்கு முன் அவள் அம்மா கம்யே இறந்தாள். பாடைக்கு முன்னால் மணியை ஆட்டிப் பாடிக்கொண்டு போகிறவள் கம்யே. அவள் ஓர் அடி பாடுவாள், பாடை சுமக்கும் நாங்கள் பின்பாட்டுப் பாடுவோம். அந்தப் பின்பாட்டுக்குத்தான் எங்கள் கால் நகரும். பான்சிக்கின் அப்பன், ஆத்தாள், பெண்டாட்டி மூன்று பேரையும் மலைக்குப் பாடி அனுப்பியவள் அவள். ஒருமுறை அவள் குரலைக் கேட்டுப் பிணமே திரும்பிப் படுத்தது. என் இடது தோளில் கனம் மாறியதே, எனக்குத் தெரியாதா?

அப்பேர்ப்பட்டவளின் பாடை தன் வெங்காயத்தாள் வயலோரமாகப் போனால் பயிர் கருகிவிடும் என்று, ஊர்த் தலைவனாக இருந்த பான்சிக் பாதையின் குறுக்கே பவர் டில்லரை நிறுத்த வைத்தான். நாங்கள் கடற்சேற்றில் இறங்கிச் சுற்றிப் போனோம். சேறு முழங்கால் வரைதான் என்பார்கள் மற்றவர்கள். எனக்குக் கழுத்து வரை இருந்தது. பாடை சாய்ந்து, அதில் கட்டிய காகிதப் பூவெல்லாம் சேறானது.

இப்போது அந்தப் பாட்டு முழுக்கத் தெரிந்தவள் மல்சிம் ஒருத்திதான். பான்சிக்கின் மகன் சங்டே சணல் துக்க உடையோடு அவள் வாசலில் வந்து நின்றான். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"அக்கா, நீங்க வரலேன்னா அப்பா பாடை கிளம்பாது."

"கிளம்பாட்டி வயல்லயே போட்டு வை. வெங்காயத்தாளுக்கு உரமாவாரு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்கம்மா உனக்கு என்ன சொல்லிக் குடுத்தா, மல்சிம்?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்க வாய்க்குத் தனியா ஒரு பாடை கட்டணும் பெரியப்பா." கத்தியைக் கீழே வைத்தாள். "செத்தவங்களுக்குப் பாட மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு சொன்னா. பாட்டுல பொய் சொல்லக் கூடாதுன்னும் சொன்னா. நாளைக்கு ரெண்டையும் கேப்பீங்க."

கேட்டோம். மறுநாள் காலையில் மணியை ஆட்டி முதல் அடியை எடுத்தாள்:

"போறாரு போறாரு தலைவரு போறாரு, ஊருப் பாதையை எம்பாதைன்னவரு போறாரு."

பின்பாட்டுப் பாடாமல் நாங்கள் நடக்க முடியாது. பாடினோம். எனக்குப் பக்கத்தில் சுமந்தவன் சிரிப்பை அடக்கியதில் பாடையே குலுங்கியது. சொந்தக்காரர்கள் முகமெல்லாம் மிளகாய் விழுதாகச் சிவந்தது.

வயலோரப் பாதை தொடங்கும் இடத்தில் பாட்டை நிறுத்தினாள். நின்றுவிட்டோம். வழியில் இப்படிப் பாடை நின்றால் வீட்டார் பாடைக் கயிற்றில் பணம் செருகுவது வழக்கம். சங்டே உறையோடு ஓடிவந்தான். அவள் அதைப் பிடுங்கி அவன் சட்டைக்குள்ளேயே திணித்தாள்.

"இது யாருக்கு வேணும்? உங்கப்பா எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். அவரு வாய் மூடியாச்சு. நீ கேளு."

சங்டே தரையைப் பார்த்தான். "அப்பா சொல்லத்தான்கா சொன்னாரு. டில்லரைக் கொண்டாந்து நிறுத்தினது நான். சாவியை எடுத்துக்கிட்டு ஓடினதும் நான்தான்."

எட்டு வருஷமாகக் கிழவனை மட்டும் திட்டித் தீர்த்திருக்கிறோம். பாடையின் கனத்தில் நான் ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கியிருந்தேன், ஆனாலும் யாரும் முனகவில்லை. மல்சிம் அவன் கிட்டே போனாள். மணியால் மண்டையைப் பிளக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"செத்தவருக்குப் பாட்டு உண்டு. அது எங்கம்மா சொன்னது. உனக்கு இந்தப் பாதை கிடையாது. இது நான் சொல்றது. செருப்பைக் கழட்டு."

பாடைக்குப் பின்னால் முதல் ஆளாக நடக்க வேண்டிய மகன் கடற்சேற்றில் இறங்கினான். நாங்கள் பாதையில் போனோம், அவன் சேற்றில் விழுந்து எழுந்து வந்தான்.

அவள் ஓர் அடியையும் விடவில்லை. பொய் கூடாது அல்லவா? அதனால் பஞ்ச வருஷத்தில் பான்சிக் தன் நெல்லை ஊருக்குப் பிரித்துக் கொடுத்ததையும் பாடினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. கோபத்தில் குரல் நடுங்கியது, ராகம் நடுங்கவில்லை.

மலையில் குழியை மூடும்போது சங்டே இடுப்பு வரை சேறாக வந்து அவள் காலடியில் குனிந்தான்.

"என் கால்ல எதுக்கு விழறே? அம்மா அந்தச் சரிவுல இருக்கா."

அவன் அங்கே போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழிமேட்டில் ஏறி, மண் மிதிக்கும் பாட்டைத் தொடங்கினாள். நாங்களும் மிதித்தோம். அவள் மிதித்த மிதியில் பக்கத்துத் தீவில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் உருண்டிருக்கும்.