இடது பக்க பர்னர்கள்

பழைய கேஸ் சிலிண்டரின் பெயின்டை எரித்து எடுத்தால்தான் அடியில் ஒளிந்திருக்கும் துரு, சோதிப்பவர்கள் கண்ணில் படும். அந்த எரிப்பு உலைக்குப் பொறுப்பாளி அவள். மேலே கொதிக்கும், கீழே வெதுவெதுப்பாகக் கிடக்கும். அப்படியொரு அடங்காப்பிடாரி உலை. காலி சிலிண்டர்களை இரும்புத் தாங்கிகள்மேல் நிறுத்தி, பர்னர்களைத் தாழ்த்தி, உள்ளே அனலைச் சுழலவிட்டு அதை வழிக்குக் கொண்டுவந்தாள். தாங்கிகளை வெல்டிங் செய்து கொடுத்தவன் அவள் புருஷன். சிலிண்டர் சோதிக்கும் அதே ஆலையில் ஃபிட்டர்.

பிறகு, இடது பக்கத்துச் சிலிண்டர்கள் மட்டும் அரைவேக்காடாக வர ஆரம்பித்தன. அடிவளையத்தில் பெயின்ட் அப்படியே ஒட்டியிருந்தது.

"இது வேலைக்காகாதும்மா, புது உலை வாங்கிடலாம்" என்றார் மேனேஜர்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன்தான் தேற்றினான். "உன்மேல தப்பில்ல. உலைக்கு வயசாயிடுச்சு, விட்டுத்தள்ளு."

ஒருநாள் மதியம், சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு உலையின் பின்பக்கம் போனாள். இடது பர்னர்களின் வால்வை ஸ்பேனரால் இறுக்கி மூடிக்கொண்டிருந்தான் அவன்.

"என்னங்க பண்றீங்க?"

அவன் கை அப்படியே நின்றது. "புது உலை விக்கிற கம்பெனியில வேலை தர்றேன்னாங்க. இது ஒழுங்கா ஓடினா அதை யாரு வாங்குவா? எல்லாம் நமக்காகத்தான்."

"அப்போ தினமும் ஆறுதல் சொன்னீங்களே, அது?"

அவன் ஸ்பேனரைப் பைக்குள் செருகினான்.

அவள் நேரே மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "அரைகுறையா எரிஞ்சு வெளிய போன சிலிண்டரையும் திரும்ப வரவழைச்சு எரிக்கணும் சார்."

"உங்க வீட்டுக்காரர் பேரு நாறிடுமேம்மா."

"நாறட்டும். அதெல்லாம் யார் வீட்டு அடுப்படியிலயோ நிக்குது."

வால்வைத் திறந்துவிட்டு மறுபடி எரித்தார்கள். பெயின்ட் சீராக உதிர்ந்தது. ஒரு சிலிண்டரின் அடியில் நகம் பதியும் ஆழத்துக்குத் துரு அரித்திருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அவனுக்கு வேலை போயிற்று. ஆசை காட்டிய கம்பெனியும் கைகழுவிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

அந்த வாரமே மாமியார் ஃபோன் செய்தாள். "கட்டினவனையே காட்டிக்கொடுத்துட்டியேடி!"

"யாரு யாரைக் காட்டிக்கொடுத்ததுன்னு உங்க பிள்ளையைக் கேட்டுப் பாருங்க அத்தை" என்றாள். எதிர்முனையில் அவன் இருமுவது கேட்டது. பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறான். ஃபோனை வாங்கி ஏதாவது பேசுவான் என்று காத்திருந்தாள். பேசவில்லை.