முதுகைக் காட்டிப் பத்துச் சுற்று

"காரைப் பாக்கவே மாட்டேன் தம்பி. முதுகைக் காட்டிட்டு நிப்பேன். பத்துச் சுற்று, சுவத்துல ஒரு உரசல் இல்லாம ஓட்டிக் காட்டுறேன்."

கிரேன்காரர் இப்படிச் சொன்னதும் மாதிரிக் கார் சங்கத்துக் கொட்டகையில் இருந்த பதினான்கு பேரும் சிரித்த சிரிப்பில், தகரக் கூரையிலிருந்து மூன்று ஆணிகள் கழன்று விழுந்தன. நான்கு என்று சொல்வோரும் உண்டு.

அவரைக் கிளப்பிவிட்டது அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு தாள். அறுபது தாண்டியவர்களுக்கு இனி ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் இடமில்லை. அவர்களுக்கென்று மெதுவோட்டப் பிரிவு ஒன்று தனியாக நடக்கும். நத்தைகளே பார்த்துக் கொட்டாவி விடும் பந்தயம் அது.

"பந்தயத்துக்குக் கண்ணு வேகமா இருக்கணும் சார்," என்று சங்கத்தின் இளம் செயலாளர் பணிவாகத்தான் சொன்னார்.

அந்தப் பணிவுதான் கிரேன்காரரைச் சுட்டது. முப்பத்தோரு வருடம், தலைக்கு மேல் நாற்பது டன் இரும்பைத் தொங்கவிட்டு, ஒரு முட்டையை உடைக்காமல் அதன்மேல் இறக்கியவர் அவர். (முட்டை சமாச்சாரம் அவர் சொல்லித்தான் தெரியும்.) "கண்ணே வேண்டாம்யா!" என்று வாயை விட்டுவிட்டார். விட்டதைத் திரும்ப விழுங்கும் பழக்கம் அவர் பரம்பரைக்கே கிடையாது. ஓட்டிக் காட்டினால் தாளைக் கிழித்துவிடுவது, தவறினால் காரை மூட்டை கட்டிவிடுவது என்று பேச்சு முடிந்தது.

பக்கத்தில் நின்ற சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. கிரேன்காரரின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிய நாளிலிருந்து, அவர் சொன்ன எதையும் இவர் நம்பியதில்லை. கடை கடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து ஓய்வுபெற்ற அதிகாரி. தன் பிறந்த தேதியையே சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டவர்.

"சம்பந்தி, காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு இருக்கு. நீங்க தோட்டத்தையே சுத்துறீங்க."

"அப்ப தோட்டத்தை வந்து பக்கத்துல நின்னு பாருங்களேன்."

"வராம? பாக்காம எதை ஒத்துக்கிட்டிருக்கேன் நான்?"

மறுநாள் இருவரும் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். காரோடு வந்த பழைய ரிமோட் பத்தடி தள்ளினால் காரை மறந்துவிடும் ரகம். அதை நம்பி ஒரு சபதத்தில் இறங்க முடியாது. கடைக்காரர் மலிவு, நடுவிலை, உயர்ந்த விலை என்று மூன்று ரிமோட்டுகளை வரிசையாக வைத்தார். மூன்றும் துப்பாக்கிப் பிடி வைத்தவை. விரலால் விசையை இழுத்தால் வேகம், பக்கத்துச் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் திசை.

"எடுத்தா உசந்ததை எடுங்க. இல்லன்னா வீட்டுல உக்காருங்க. நடுவுல இருக்கிறதெல்லாம் ரெண்டுங்கெட்டான்," என்றார் சம்பந்தி.

"ஏழு பேருக்கு நடுவுல நாலாவதாப் பொறந்தவன் நான். நடுவோட அருமை ஒத்தைப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மலிவானதற்கு இரண்டே வார்த்தைதான் தெரிந்திருந்தது: முழு இடது, முழு வலது. விலை உயர்ந்ததோ மகா சூட்டிகை. கையில் நாடி துடித்தால் அதையும் காருக்குப் போட்டுக்கொடுத்துவிடும் போலிருந்தது. நடுவிலைக்காரன், கொஞ்சம் திருப்பினால் கொஞ்சம் திரும்பினான். கட்டைவிரலுக்கடியில் ஒரு திருகும் இருந்தது. அதைக் குறைத்தால், எவ்வளவு பதறித் திருப்பினாலும் கார் ஓர் அளவுக்கு மேல் வளையாது.

பிறகு காரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, சக்கரங்கள் சுழலும்போதே ரிமோட்டை அணைத்தார். மலிவானதில் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. உயர்ந்ததில், "இதுல அதுக்கு ஒரு அமைப்பு இருக்குங்க, இருங்க..." என்று கடைக்காரர் திரையைத் தள்ளினார், தள்ளினார், அவருக்குத் தாடி முளைக்கும்வரை தள்ளினார். நடுவிலையில் சக்கரம் சட்டென்று நின்றது.

"பேச்சு அறுந்தா நிக்கணும். நிக்கத் தெரிஞ்சதுதான் ஓடத் தெரிஞ்சது," என்று நடுவிலையைக் கையில் எடுத்தார் கிரேன்காரர். "இதைக் கட்டுங்க."

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை. சங்கக் கொட்டகையில் பந்தயப் பாதையைச் சுற்றிக் கூட்டம். கிரேன்காரர் மேடையேறிப் பாதைக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருக்கு எதிரே, பாதையைப் பார்த்தபடி, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார் அவர் மனைவி.

"இது என்ன சார்?" என்றார் செயலாளர்.

"காரைப் பாக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? கட்டின பொண்டாட்டியைப் பாக்க மாட்டேன்னு சொன்னேனா?"

அந்த அம்மாள் தொழிற்சாலையில் கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டியவர். மேலே இருப்பவர் சுமையைப் பார்க்கக் கூடாது, கீழே இருப்பவரின் கையை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பால பாடம். அப்படிக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் அதைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது அவருக்கு.

"சரி சார். ஆனா ஒரு தடவை நின்னாலும் தோல்விதான்," என்றார் செயலாளர்.

"ஏங்க, நான் சொல்றதை இன்னிக்காவது கேளுங்க," என்றார் மனைவி.

"முப்பத்தோரு வருஷமா வேற என்னத்தைக் கேட்டேன்?"

கார் கிளம்பியது. இடது கையுறை லேசாகச் சாய்ந்தது. கார் இடப்பக்கம் வளைந்தது. வலது கையுறை மடங்கியது, வேகம் குறைந்தது. கிரேன்காரருக்கு உலகமே இரண்டு வெள்ளைக் கையுறையாகச் சுருங்கிப் போயிற்று. முதுகுக்குப் பின்னால் மோட்டார் தேனீயாகப் பாடிக்கொண்டிருந்தது. மூன்று சுற்று. ஐந்து சுற்று. கூட்டத்தின் கண் முழுதும் கார்மேலேயே இருந்தது. ஏழாவது சுற்றில் கார் குறுகலான பாலத்தின்மேல், இருபக்கமும் ஒரு நூல் இடைவெளியில், வெண்ணெயில் இறங்கிய கத்தியாகப் போயிற்று.

அப்போது அந்த அம்மாளின் பக்கத்தில் நின்ற ஒருவரின் இரண்டு கைகளும் விருட்டென்று தலைக்கு மேல் உயர்ந்தன.

கார் நின்றது.

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, நகர்த்து என்று சொல்ல ஒரே ஓர் ஆளுக்குத்தான் உரிமை. நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் உரிமை. பெருக்க வந்தவர் கை தூக்கினாலும் நிறுத்தியே ஆக வேண்டும். கிரேன்காரரின் மூளை யோசிக்கும் முன்பே விரல் விசையை விட்டுவிட்டது.

அந்த அம்மாள் கண் இமைக்காமல் மறுபடி கையசைத்தார். கார் கிளம்பி மீதிச் சுற்றுகளையும் உரசலின்றி முடித்தது.

"பத்துச் சுற்றும் சரி சார். ஆனா ஏழாவதுல நின்னுடுச்சு," என்றார் செயலாளர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. "அதுவா நின்னா தோல்விதான். யாராவது குறுக்கிட்டிருந்தா அது வேற கதை. யாரு சார் நிறுத்தினது?"

கிரேன்காரருக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. வாழ்நாளில் அவர் அடக்கிய ஒரே பேச்சு அதுவாகத்தான் இருக்கும். சட்டத்துக்கு இரண்டாவது பாதியும் உண்டு: நிறுத்தச் சொன்னவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அடுத்த முறை கை தூக்கப் பயப்படுவார்கள், யார் தலையிலாவது இரும்பு விழும்.

"நின்னுச்சு தம்பி. அவ்வளவுதான்," என்றார். மனைவியைப் பார்த்தார் செயலாளர். அவரும் கையுறையை நிதானமாகக் கழற்றுவதிலேயே கண்ணாக இருந்தார்.

"அப்ப இன்னியோட மூட்டை கட்டிடலாமா சார்?"

"கட்டு. ஆனா பாக்காம ஓட்டினேன்னு அந்தத் தாள்லயே எழுதிட்டுக் கட்டு!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் கிரேன்காரர்.

செயலாளர் குனிந்து காரைப் பெட்டியில் வைக்கப் போனார். சம்பந்தி தொண்டையைச் செருமினார். முதல் செருமல் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது கூரைவரை கேட்டது.

"காரை வைங்க தம்பி கீழ. நிறுத்தினது நான்."

"நீங்களா? ஏன் சார்?"

"பாலத்து மேல போச்சில்ல? அந்த மனுஷன் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, அங்க கார் ஒரு நூல் பிசகாமப் போகுது... கை தன்னால மேல போயிடுச்சுங்க."

"ஏன் அண்ணா, சந்தேகத்துலயா?" என்றார் அந்த அம்மாள், ஒன்றும் தெரியாதவர்போல.

"சந்தோஷத்துல, தங்கச்சி," என்றார் சம்பந்தி தரையைப் பார்த்து. பிறகு நிமிர்ந்து, கடைவீதியில் கள்ளத் தராசைப் பிடித்த அதே குரலில், கொட்டகை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "பாக்காமத்தான் ஓட்டினாரு. பத்துச் சுற்று. நடந்தது. நான் பாத்தேன்."