மாமனார் சொன்ன பதில்

டாக்டர் கேட்டது மலர்கொடியிடம். பதில் சொன்னது கட்டிலின் தலைமாட்டில் நின்ற அவளுடைய மாமனார் வீரமுத்து.

"வாந்தி நின்னுடுச்சாம்மா?"

"நின்னுடுச்சுங்க."

"வயித்தால போறது?"

"அதுவும் காலையிலேருந்து இல்லீங்க."

"ஒண்ணுக்கு சரியாப் போவுதா?"

வீரமுத்துவின் முகம் சுருங்கியது. மருமகளை வைத்துக்கொண்டு என்ன பேச்சு இது! "அதுக்கெல்லாம் ஒரு கொறையும் இல்லீங்க சார்" என்று அடித்துச் சொன்னார். அது இவருக்கு எப்படித் தெரியும் என்று டாக்டருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மலர்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். முந்தின நாளிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக்கூடப் பிரியவில்லை.

குன்னத்துப் பக்கம் வெங்காயக் காட்டில் வேலை. ஒதுங்க மறைவு கிடையாது என்பதால் இருட்டும்வரை பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். அந்த வெயிலில் வாந்தியும் பேதியும் சேர, உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வற்றிப்போனது. புருஷன் நெய்வேலிக்கு வேலைக்குப் போயிருந்தான். மாமியார் உயிரோடு இல்லை. மாமனார்தான் பஸ் ஏற்றி அரியலூருக்குக் கொண்டுவந்தார். நல்ல மனிதர், கட்டிலை விட்டு அசையவில்லை. அதுதான் அவளுக்கு வினையாயிற்று. நர்ஸ் கிட்டே வரும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பாள். மாமனார் நிற்பதைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போகும்.

மறுநாள் அவள் முகம் ஊதிப்போனது. கூப்பிட்டால் முனகினாள். சந்தேகப்பட்ட டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"என்ன பெரியவரே இது? ரத்தத்துல யூரியா, கிரியேட்டினின் ரெண்டுமே எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. கழிவை வெளியேத்துற சிறுநீரகம் வேலையை நிறுத்தியிருக்கு. கொறையே இல்லைன்னு சொன்னீங்களே!"

நர்ஸ் அவரை வெளியே அனுப்பிவிட்டு மலர்கொடியிடம் குனிந்து கேட்டாள்.

"முந்தாநாள்லேருந்தே போவலக்கா. மாமாவ வச்சுக்கிட்டு அத எப்புடிக்கா சொல்லுவேன்?"

வாசலில் நின்ற வீரமுத்துவின் காதில் அது விழுந்தது.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு வந்தார். "சாயங்காலத்துக்குள்ள பிரிஞ்சா பொழைச்சா. இல்லைன்னா திருச்சிக்குத்தான் தூக்கிட்டு ஓடணும். அதுவரைக்கும் தாங்குவாளான்னு சொல்ல முடியாது."

வராந்தாவில் உட்கார்ந்த மனிதர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கௌரவம் பார்த்த வாயால் தானே அவளைக் குழியில் தள்ளியதாக நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார். கேட்க வாய் வராது.

பொழுது சாயும் நேரம். நர்ஸ் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கேட்டேவிட்டார்.

"எம் மருமவ ஒண்ணுக்குப் போனாளாம்மா?"

"போனாங்க பெரியவரே. நல்லாவே போயிருக்கு."

வீரமுத்து வேட்டி தடுக்க டாக்டர் அறைக்கு ஓடினார். "டாக்டரய்யா! எம் மருமவ ஒண்ணுக்குப் போயிட்டா!"

வராந்தாவே சிரித்தது. வீரமுத்து திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நல்லா சிரிங்க. ஆனா வூட்டுக்குப் போயி ஒங்க பொம்பளைங்களையும் கேளுங்க, அவங்க வாயாலயே சொல்ல வுடுங்க. ஒடம்புல நடக்குறதச் சொல்றதுல என்னங்க வெக்கம்? அந்த ஒரு வார்த்தைக்குக் கூசித்தான் நான் ஒரு உசுரைக் கொல்லப் பாத்தேன்."