கையைக் காட்டிவிட்டு உள்ளே வா

சனிக்கிழமை எங்களுக்குப் பொன்விழா. ஐம்பது வருடத்துக்கு முன்னால் கல்யாணம் ஆன அதே மாதா கோயிலில் ஃபாதர் முன்னால் நின்று மறுபடியும் சம்மதம் சொல்ல வேண்டும். மூத்த மகள் மரிசேலா மண்டபம், கேக், கிட்டார்காரர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை காபியை ஊற்றிக்கொண்டே நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அந்த ரெண்டு வாரம் எங்கய்யா இருந்தே? அதச் சொல்லு. சொல்லாட்டி சனிக்கிழமை நான் வாயத் திறக்க மாட்டேன். ஃபாதர் கேட்டுட்டு நிக்கட்டும்."

ஃபிடென்சியோ காபியைப் பார்த்தார். அதில் பதில் மிதக்கிற மாதிரி.

எந்த இரண்டு வாரம் என்று அவருக்குத் தெரியும். மரிசேலா பிறந்தபோது ஆஸ்பத்திரி அறை வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், போய்விட்டார். அதன் பிறகு ட்ரூச்சாஸ் கிராமத்தில் இருக்கும் அவர் தம்பி வீட்டில், விறகுக் கொட்டகையில் படுத்துக்கொண்டார். முதல் குழந்தை. நான் பச்சை உடம்புக்காரி. ஏன் என்று கேட்டால் "சொல்ல முடியாது" என்றார். என் நாத்தனார் புருடென்சியா மட்டும் என்னைத் தேடி வந்து ஆறுதல் சொன்னாள்: "அண்ணன் வேலை பாக்குற மலை மேல நெறைய செக்ரட்டரிங்க இருக்காளுக அண்ணி, நீ மனசப் போட்டு அலட்டிக்காத." அன்று அலட்ட ஆரம்பித்த மனசு இன்றுவரை நிற்கவில்லை.

எங்கள் எஸ்பன்யோலா பள்ளத்தாக்கில் பாதி ஆம்பிளைகள் மலைக்கு வேலைக்குப் போனவர்கள்தான். முதல் அணுகுண்டு செய்த மலை. என்ன வேலை என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "பிளம்பிங்." இத்தனை பிளம்பர்கள் இருக்கிற ஊரில் என் சமையலறைக் குழாய் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒழுகுகிறது. வேலைக்குச் சேரும்போதே வாயை எழுதி வாங்கிக்கொள்வார்களாம். பேப்பரில் அச்சாகி ஊரே படித்த விஷயமாக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது. அந்தப் பூட்டு இன்னும் துருப்பிடிக்கவில்லை.

காபியைக் குடித்து முடித்தார். "வண்டியில ஏறு" என்றார்.

"எங்க?"

"மலைக்கு. மியூசியம் ஒண்ணு இருக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே பாத்துக்க."

"டிக்கெட் எவ்வளவு?"

"இலவசம்."

"அதானே பாத்தேன்."

இலவசம் என்ற சொல் புருடென்சியா வீடுவரைக்கும் எப்படிக் கேட்டதோ, வண்டி கிளம்புவதற்குள் பின் சீட்டில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

மியூசியத்தில் நுழைந்ததும் இரண்டு குண்டுகளின் மாதிரிகள், ஒன்று ஒல்லி, ஒன்று தொந்தி. புருடென்சியா தொந்திக்காரன் பக்கத்தில் நின்று என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். அடுத்த சுவரில் எரிந்துபோன ஊரின் படங்கள். அவள் செல்போனை உள்ளே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டுக் கூரையும் பிள்ளைகளின் படிப்பும் அந்த மலைச் சம்பளத்தில் வந்தவைதான். அதை நான் எந்தச் சுவரிடம் போய்ச் சொல்வது?

பிறகு என் வேலையை ஆரம்பித்தேன். ஃபிடென்சியோ வாயைப் பூட்டலாம், காதைப் பூட்ட முடியாது. மறைக்கிற விஷயத்தை யாராவது தொட்டுவிட்டால் அவர் காது சிவந்துவிடும். சீட்டாட்டத்தில் அவரிடம் யாரும் தோற்றதே கிடையாது. நான் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாலும் நின்று, அதைப் பார்க்காமல், அவர் காதைப் பார்த்தேன்.

பழைய கம்ப்யூட்டர். காது சாதாரணம். விஞ்ஞானிகள் உட்கார்ந்த நாற்காலி. சாதாரணம். அடுத்து, ஆபத்தான பொருளை வெளியே நின்றே கையாள ஒரு கண்ணாடிக் கூண்டு; அதற்குள் நீட்டிக்கொண்டிருந்த தடித்த ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு ஒரு பையன் திருகாணியை எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். காது நுனி லேசாகச் சிவந்தது.

"பிளம்பிங்கா?" என்றேன்.

"நல்ல கூண்டு" என்றார் அவர், கூரையைப் பார்த்து.

மூலையில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்பு யந்திரம் நின்றது. கீழே பாதம் வைக்க இரண்டு தட்டு. இடுப்பு உயரத்தில் கை நுழைக்க இரண்டு பொந்து. மேலே ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் பெண், சட்டையில் டாரா என்று பெயர் குத்தியிருந்தவள், "ஏறிப் பாருங்கம்மா, ஒண்ணும் செய்யாது" என்று கூப்பிட்டாள்.

புருடென்சியா ஏறினாள். கால் இரண்டையும் கொஞ்சம் அகட்டி வைத்தாள், இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், கண்ணை மூடி, வாய்க்குள் ஒரு ஜெபம் சொன்னாள். பாதி ஜெபத்தில் கண் திறந்துகொண்டது.

"அண்ணி, இது நம்ம வீட்டு ஆசீர்வாதமில்ல?"

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஃபிடென்சியோ வேலையிலிருந்து வந்ததும் வாசலில் நிற்பார். காலை அகட்டி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மூச்சு விடாமல் கொஞ்ச நேரம். அதன் பிறகுதான் உள்ளே வந்து பிள்ளைகளைத் தூக்குவார். அவர் ஊர்க்காரர்கள் பக்தியில் கொஞ்சம் தீவிரமானவர்கள். ஏதோ நேர்ச்சை என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டேனா? பிள்ளைகளுக்கு 'அப்பா ஆசீர்வாதம்' என்று சொல்லிக் கொடுத்தேன். மருமகன்கள் செய்கிறார்கள். கடைசிப் பேரன் பள்ளிக்கூட வாசலில் செய்து, டீச்சர் போன் போட்டுக் கேட்டாள். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிற ஃபாதரே மரியாதைக்காக ஒருமுறை கையை நீட்டிவிட்டுத்தான் நுழைவார்.

"இது எதுக்கும்மா?" என்று டாராவிடம் கேட்டேன்.

"வேலை முடிஞ்சு போறவங்க கையிலயும் கால்லயும் கதிரியக்கத் தூசு ஒட்டியிருக்கான்னு பாக்குற மெஷின். பச்சை எரிஞ்சா வீட்டுக்குப் போகலாம். சிவப்புன்னா சோப்புப் போட்டுத் தேய்க்கணும், பச்சை வர்ற வரைக்கும்."

திரும்பினேன். ஃபிடென்சியோவின் காது பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது.

"மரிசேலா பொறந்தப்போ உனக்குச் சிவப்பு எரிஞ்சுதா?"

"ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

டாராவைக் கேட்டேன். "தேய்ச்சப்புறம் பச்சை வந்துட்டா?"

"தாராளமா வீட்டுக்குப் போகலாம். பயமே இல்ல."

அங்கேதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேட்டியாய்யா? போகலாமாம். அப்புறம் ஏன் வரல? நான் பிள்ளையை வச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டுக் கெடந்தேன். நீ கொட்டாயில என்ன பண்ணிட்டிருந்தே?"

அவர் யந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

"மெஷினப் பத்தி நான் எதுவும் பேசக் கூடாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளையப் பத்திப் பேசலாம். அதுக்கு ரூல் கெடையாது. இத்தினிக்கூண்டு இருந்துச்சு, கெழவி. அது கையி மொத்தமும் என் கட்டவெரல் நகத்தளவு. ஒரு வெளக்கு பச்சைன்னு சொல்லிட்டா, அத நம்பி நான் தூக்கிருவேனா? தெனமும் ஓடைத் தண்ணியில தேய்ச்சேன். தோலு உரிஞ்சு புதுத் தோலு வரட்டும்னு இருந்தேன். வந்துச்சு. வந்தேன்."

திரும்பி வந்த அன்று அவர் கை சிவந்து புண்ணாக இருந்தது ஞாபகம் வந்தது. விறகு வெட்டினேன் என்றார். நானும் அப்போது அந்தக் கையைப் பார்க்கிற மனநிலையில் இல்லை.

கைப்பையால் அவர் தோளில் ஒரு அடி வைத்தேன். அதன் பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதேன். இத்தனை வருடம் ஒரு கொட்டகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன் என்று கோபம். அந்தக் கோபத்தையும் மீறி ஒரு சந்தோஷம், இருபது வயசில் வரவேண்டிய சந்தோஷம். டாரா டிஷ்யூ பெட்டியோடு ஓடி வந்தாள்.

"அப்ப செக்ரட்டரி?" என்றாள் புருடென்சியா.

"எந்தச் செக்ரட்டரி?" என்றார் ஃபிடென்சியோ.

புருடென்சியாவுக்குத் திடீரென்று தொந்திக் குண்டின் மேல் பெரிய அக்கறை வந்து, அந்தப் பக்கம் போய்விட்டாள்.

சனிக்கிழமை கோயில் வாசலில் குடும்பமே கூடியிருந்தது. நான் முதலில் படியேறி உள்ளே போய்த் திரும்பினேன். ஃபிடென்சியோ கோட்டும் சூட்டுமாக வந்தவர், பழக்கதோஷத்தில் வாசலில் நின்றார். நான் பார்ப்பதைக் கண்டதும் வெட்கப்பட்டுக் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"கையக் காட்டு" என்றேன்.

"சும்மாயிரு கெழவி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். காட்டு."

நீட்டினார். இரண்டு கையையும் பிடித்துப் புறங்கை, உள்ளங்கை, விரல் இடுக்கு என்று நிதானமாகப் பார்த்தேன். வயசுப் புள்ளிகள், மிளகாய் நறுக்கும்போது பட்ட ஒரு கீறல். பின்னால் மரிசேலா, மருமகன்கள், பேரப் பிள்ளைகள் எல்லாரும் காலை அகட்டிக் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். உள்ளே கிட்டார் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, ஃபாதர் காத்துட்டிருக்கார்" என்றாள் மரிசேலா.

"இருக்கட்டும். உங்கப்பா ரெண்டு வாரம் காத்திருந்தார்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சாப்பாட்டின்போது சொல்லிக்கொள்ளலாம், என் வாயை யாரும் எழுதி வாங்கவில்லை.

அவர் கையை விடாமல் சொன்னேன்: "பச்சை. உள்ள வா."