ஒரு கட்டிக்காக

மெல்ரொனின் கால்கள் இரண்டும் இயங்காமல் விழுந்த பிறகு என்னைக் கண்ட சனம் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டது. "செல் பட்டதோ தங்கச்சி?" இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. முல்லைத்தீவில் ஒரு மனிதன் சண்டைக்காலத்துச் செல் குண்டு படாமல் விழவே கூடாதா?

என் மனுசன் கடலட்டைக்கு முங்குகிறவர். ஆழத்தில் கனநேரம் நின்றுவிட்டு அவசரமாக மேலே வந்திருக்கிறார். வள்ளத்திலேயே கால் விறைத்துவிட்டது. முங்குகிறவர்களின் வழக்கப்படி, கூடப் போனவர்கள் அவரைத் திரும்பவும் தண்ணிக்குள் இறக்கியிருக்கிறார்கள். விறைப்பு விட்டதாம். வீட்டுக்கு வந்து சோறும் தின்றார். விடிய எழும்பப் பார்த்தால் கால் அசையவில்லை, கிள்ளினாலும் தெரியவில்லை. நல்ல வைத்தியம்!

அம்புலன்சில் மாங்குளம் தாண்டி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டொக்டர் அருந்ததி என்னைவிட இளையவ. ஒளிக்காமல் சொன்னா.

"முங்கினதாலதான் எண்டு நினைக்கிறன். எண்டாலும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாப்பம் அக்கா. கட்டி கிட்டி ஏதும் முள்ளந்தண்டு நரம்பை அமத்திக்கொண்டிருந்தா, ஒப்பரேசன் செய்து எடுக்கலாம். கால் திரும்ப வரவும் கூடும்."

"ஒண்டும் இல்லாட்டி?"

"அப்ப நரம்புதான் உள்ளுக்குள்ள பழுதாப்போச்சுது. அதை வெட்டித் திருத்த ஏலாது."

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு வெளியே கதிரையில் இருந்தேன். உள்ளே மெஷின் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நித்திரை இல்லாத கண் எரிந்தது. மாதாவே, அவருக்கு ஒரு கட்டியைக் குடு என்று கேட்டேன். உலகத்தில் எந்தப் பெண்சாதியாவது இப்படிக் கேட்டிருப்பாளா? எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடாமல் கேட்டேன்.

வெளியே வந்தபோது அவரும் அதையே சொன்னார். "நல்ல பெரிய கட்டியா இருக்கோணும், என்ன?" இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பின்னேரம் டொக்டர் கட்டிலடிக்கு வந்து படத்தைக் காட்டினா. நரம்பின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. அதுதான் பழுதான இடமாம்.

"கட்டி ஒண்டும் இல்லை அக்கா" என்றா, குரலைத் தாழ்த்தி.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமி வந்து சேர்ந்தா. அவவின் காதில் விழுந்தது அந்த ஒரு வசனம் மட்டும். கட்டி என்றால் அவவுக்குப் புற்றுநோய்தான்.

"என்ர மாதாவே! கட்டி இல்லையாம்! யூலியானா, கும்பிடு பிள்ளை!"

பக்கத்துக் கட்டில்காரரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? என்னிடம் அதற்குச் சக்தியில்லை. அவ கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, மகனின் பாதங்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, முகத்தை அதில் புதைத்துச் சத்தமில்லாமல் அழுதா.

மெல்ரொன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியபடி கிடந்தார். கொஞ்ச நேரத்தால் கேட்டார்.

"அம்மா போயிட்டாவோ?"

"இல்லையப்பா. உங்கட காலைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா."