நிற்காத லிஃப்ட்

வேலையில் பல்லியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, வாயிலும் கிடையாது. பல்லி என்பது கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த நெடுங்கிணற்றுக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வேலை பார்ப்பான், அதனால் பல்லி. கெட்டிக்காரன்தான். ஆனால் அதை அடுத்தவர் கண்டுபிடித்துச் சொல்லும் வரை பொறுமையாக இருக்க அவனால் ஆகாது. "நான் கை வச்ச லிஃப்ட் எங்கயாச்சும் நின்னுச்சுன்னு ஒருத்தர் சொல்லட்டும், மீசையை எடுத்துடுறேன்" என்பான். மீசை இன்னும் கருகருவென்று முகத்தில்தான் இருந்தது.

அவன் அக்கா குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் அவன் பொறுப்புக்கு வந்ததே ஒரு சண்டைக்குப் பிறகுதான். அக்காவின் கணவர் அந்தக் கட்டடத்துச் செயலாளர். "சொந்தக்காரனை வேலைக்கு வச்சா வேலையும் கெடும், உறவும் கெடும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்கா அவருக்கு மேல் நின்றாள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "அவன் வேலைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அக்காவின் வாக்கு அந்தக் கட்டடத்தில் செல்லும்.

பழைய லிஃப்ட் அது. ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுத்து மூட வேண்டிய இரும்புக் கதவு. எந்த மாடியிலாவது யாராவது கதவைச் சரியாக மூடாமல் போய்விட்டால் லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும். கீழே இருப்பவர்கள் மாடிப்படி வழியாக அண்ணாந்து கத்துவார்கள். மூடாதவர் மட்டும் தனக்குக் காதே இல்லாததுபோல் வீட்டுக்குள் இருப்பார். வருஷக்கணக்காக நடந்த கூத்து இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாதாந்திர சர்வீஸுக்குப் பல்லி வந்தபோது, கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டு எல்லோரும் கூடியிருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்து லிஃப்டுக்கும் இவனையே சிபாரிசு செய்யலாமா என்று பேச்சு. அக்கா அவனைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"போன மாசம் தம்பி வந்துட்டுப் போனதிலேருந்து லிஃப்ட் ஒரு தடவைகூட நிக்கலை" என்று ஆரம்பித்தார் மூன்றாம் மாடி டீச்சர். "கத்திக் கத்தித் தொண்டை கட்டினதெல்லாம் போயே போச்சு."

"கை ராசி" என்றார் இன்னொருவர். தலைக்குத் தலை பாராட்டு. செயலாளரே வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். அக்கா கணவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பல்லி முகத்தை அடக்கமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தான். மீசை ஒத்துழைக்கவில்லை.

டீச்சர் விடுவதாக இல்லை. "இப்பல்லாம் நான் கதவை மூடுறதுகூட இல்லைங்க. ரெண்டு கையிலயும் பை இருக்கும், காலால ஒரு தள்ளு. மூடுச்சோ மூடலையோ, லிஃப்ட் அது பாட்டுக்குப் போயிடுது!"

எல்லோரும் சிரித்தார்கள். பல்லியும் சிரித்தான். பாதியிலேயே சிரிப்பை நிறுத்தினான்.

கதவு மூடாமல் லிஃப்ட் போகக் கூடாது. நின்றுவிடுவதுதான் அதன் நல்ல குணம். திறந்த கதவை விட்டுவிட்டு லிஃப்ட் நகர்ந்தால், அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது வெறும் பள்ளம். கதவுப் பூட்டில் கோளாறு தேடும்போது மட்டும், மெக்கானிக் மேலே பேனலில் ஒரு துண்டு ஒயரைச் சொருகி, எல்லாக் கதவும் மூடியிருப்பதாக லிஃப்டை நம்பவைப்பான். ஜம்பர் என்பார்கள். வேலை முடிந்ததும் போட்ட கையே அதை எடுக்க வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் பல்லி இதைத்தான் முதலில் ஓதுவான்.

போன மாதம் அந்த ஒயரைப் போட்டது நினைவிருந்தது. அப்போது அக்கா படியில் நின்று, "சோறு ஆறுதுடா, வந்து சாப்பிட்டுப் போய் வேலையைப் பாரு" என்று கூப்பிட்டதும் நினைவிருந்தது. சாப்பிட்டான், பெருமை பேசினான், மேலே போய்ப் பேனலை மூடினான். ஒயரை எடுத்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"யாரும் லிஃப்ட் பக்கம் போகாதீங்க! எந்த மாடியிலயும் கதவைத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டுப் படிகளில் ஓடினான்.

மொட்டை மாடி மெஷின் ரூமைத் தன்னிடமிருந்த சாவியால் திறந்து மெயினை அணைத்தான். பேனலைத் திறந்தான். சிவப்பு ஒயர் இவன் வருகைக்காகக் காத்திருந்த மாதிரி உள்ளேயே இருந்தது. பிடுங்கினான். பிறகு ஒவ்வொரு மாடியாகக் கதவைச் சோதித்துக்கொண்டு இறங்கினான்.

ஐந்தாம் மாடிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. கதவை ஒட்டி ஒரு மூணு சக்கர சைக்கிள் நின்றது. அக்கா மகளுடையது. பாப்பா வீட்டுக்குள் டிவி பார்க்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கும்வரை அவனுக்கு உயிர் உயிராக இல்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு எழுந்து மறுபடி மேலே போய் மெயினைப் போட்டு, ஒவ்வொரு மாடியிலும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, லிஃப்ட் நகர மறுக்கிறதா என்று பார்த்தான். மறுத்தது. அவன் கீழே வந்தபோது ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா. அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே மற்றவர்களிடம் திரும்பி, "பாத்தீங்களா, ஒரு சின்ன விஷயம் காதுல விழுந்தாலும் எப்படி ஓடுறான்! அதான் என் தம்பி" என்றாள்.

தப்பிக்க வழி தானாகத் திறந்தது. ஒயர் பாக்கெட்டில் இருந்தது. இனி ஆபத்து இல்லை. ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், பெருமையும் போகாது, அக்காவின் வாக்கும் போகாது.

"யாராவது மேல போய் எதையாவது நோண்டிட்டாங்களா?" என்றார் செயலாளர். "மெஷின் ரூம் இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?"

எல்லாக் கண்களும் வாசலில் நின்ற வாட்ச்மேன் பக்கம் திரும்பின. அந்த மனிதர் சாவிக்கொத்தைத் தொட்டுக்கொண்டு, "நான் மேல போறதே இல்லீங்க ஐயா" என்றார்.

பல்லி பாக்கெட்டிலிருந்து ஒயரை எடுத்து எல்லோர் பார்வையிலும் படும்படி பிடித்தான்.

"அவரை விடுங்க. இது என் வேலை. போன மாசம் போட்டேன், எடுக்க மறந்துட்டேன். லிஃப்ட் நிக்காம ஓடினது கை ராசியால இல்லை, இதால. கதவு தெறந்திருந்தாலும் ஓடியிருக்கு. ஆபீஸ்ல நானே சொல்லிடுறேன். வேற ஆள் வேணும்னா அனுப்பச் சொல்றேன்." பிறகு குரல் இறங்கியது. "அக்கா, இப்ப உன் மாடியில கதவு தெறந்து கெடந்துச்சு. பாப்பா சைக்கிள் பக்கத்துலயே நின்னுச்சு."

டீச்சர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம். சும்மாவா சொன்னாங்க?" என்றார் செயலாளர். பிறகு மனைவியைப் பார்த்தார். "நீதானே பொறுப்புன்னு வீடு வீடாப் போய்ச் சொன்ன?"

அக்கா எழுந்து வந்தாள். தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "என் குழந்தைடா!" என்றாள். இன்னொரு அடி. அவன் நகரவில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லிஃப்ட் இப்ப எப்படி இருக்கு?" என்றாள்.

"சரியா இருக்கு. எந்தக் கதவு நூலிழை தெறந்திருந்தாலும் நகராது. ஒவ்வொரு மாடியிலயும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

செயலாளர் கூட்டத்தைப் பார்த்து, "யாராவது ஏறிப் பாக்குறீங்களா?" என்றார். ஒருவரும் அசையவில்லை. ஆறாம் மாடிக்காரர் தன் செருப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தார். பல்லிக்கு அந்த மௌனம் அக்காவின் அடியைவிட வலித்தது.

அக்கா நேராகப் போய் லிஃப்டுக்குள் ஏறினாள். பல்லியும் பதறிப்போய்ப் பின்னால் ஏறப் பார்த்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ ஏறாதே."

"நானும் வரேன்க்கா. துணைக்கு."

"நீ கூட வந்தா எனக்குத் துணை தேவைப்பட்டுச்சுன்னு ஆகும்" என்றாள். கணவரையும் மற்றவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "வாட்ச்மேன் தலையில போட்டுட்டு இவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். நம்ம யாருக்கும் தெரிஞ்சிருக்காது. போகலை. அப்பவும் பொறுப்புன்னு சொன்னேன், இப்பவும் சொல்றேன்."

இரும்புக் கதவைத் தானே இழுத்து மூடினாள். மூடியிருக்கிறதா என்று ஒருமுறை அசைத்தும் பார்த்தாள். லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பியது. கதவுக்கு மேலே எண்கள் மாறுவதைக் கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. செயலாளர் மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம்.

ஐந்தில் நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம். பிறகு மேலேயிருந்து அக்காவின் குரல், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி: "நான் வந்துட்டேன்! அடுத்து யாரு?"

பல்லிக்கு நெஞ்சு விம்மியது. கண் நிறைந்ததை அவன் மறைக்கவும் இல்லை. அன்று காலை கிடைத்த பாராட்டெல்லாம் அந்தத் துண்டு ஒயருக்குச் சேர வேண்டியது. இது அவனுக்கு.