நார்மின் இறக்கை

மணிலாவிலிருந்து வந்த படச்சுருளை முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஓங்கி இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. நடுங்கியது நார்ம்.

நார்ம் எங்கள் கார்ட்டூன் தொடரின் நாயகன். சிட்னி மீன் சந்தைக் கழிவில் வயிறு வளர்க்கும் கிழட்டுக் கூழைக்கடாப் பறவை. முதல் கதையில் அவனால் பறக்க முடியாது, கடைசிக் கதையில் துறைமுகத்தையே தாண்டிப் பறப்பான். மற்ற மிருகங்களை ஸ்டுடியோ பசங்கள் வரைந்தார்கள். நார்மை மட்டும் டெஸ் பாஸ்கோ யாரையும் தொட விடவில்லை. தொடரின் தயாரிப்பாளரும் இயக்குநரும் அவன்தான். டொராண்டோவில் எவனோ பெற்ற நீர்நாய், டப்ளினில் எவனோ பெற்ற ஆடு, தைபேயில் எவனோ பெற்ற குரங்கு என்று ஊர் ஊராகப் போய் அடுத்தவன் மிருகங்களை ஓடவிட்டே வயதாகிப்போனவன். இப்போதுதான் சொந்த ஊரான சிட்னிக்குத் திரும்பித் தனக்கென்று ஒரு பறவையைப் பெற்றிருந்தான். நான் அவனுடைய தயாரிப்பு நிர்வாகி. அவன் கத்துவான், நான் திருப்பிக் கத்துவேன், வேலை நடக்கும்.

பதினொரு மணிக்கு ஹாம்பர்க்கிலிருந்து அன்னெக்ரெட் லோஸே படம் பார்க்க வருகிறாள். அவளுடைய சேனல் கையெழுத்துப் போட்டால் முழுத் தொடரும் உண்டு. போடாவிட்டால் நார்ம் இந்த ஒரே கதையோடு செத்தான். கூடவே நாங்களும்.

எங்கள் கோடுகளைப் பிரதியெடுத்து வண்ணம் தீட்டிப் படமாக்கித் தருவது மணிலா ஸ்டுடியோ; அங்கே பொறுப்பிலிருந்த ரொடெலைப் போனில் பிடித்தேன்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க? பறவைக்குக் குளிர் ஜுரமா?"

"மேடம், சத்தியமா நாங்க ஒண்ணும் பண்ணல. சார் வரைஞ்ச கோட்டை அப்படியே போட்டோம். இறக்கை நடுங்குதே சார், நேராக்கிடலாமான்னு நான்கூடக் கேட்டேன். என் கோட்டுல கை வெச்சா உன் கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லிட்டாரு."

சொல்லியிருப்பான். முன்பு ஒரு தொடரில் மணிலாக்காரர்கள் அவன் கோடுகளையெல்லாம் மழமழவென்று அழகாக்கிவிட்டார்கள் என்று விமானம் ஏறிப் போய்ச் சண்டை போட்டவன். அன்றிலிருந்து அவன் கோட்டை அச்சுப் பிசகாமல் போடுவதுதான் அங்கே சட்டம். தனக்குத் தானே வைத்துக்கொண்ட சூனியம்.

ஒற்றைத் தாளில் பார்த்தால் நெளிவு கண்ணுக்குத் தெரியாது. தாளுக்குத் தாள் கோடு வேறு வேறு இடத்தில் நெளிந்து, எல்லாம் சேர்ந்து ஓடும்போதுதான் நடுக்கமாகிவிடும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச நாளாக அவன் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு வரைகிறான். மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று நான் நினைத்திருந்தேன்.

அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"கையைக் காட்டு."

"காலங்காத்தால ஜோசியமா? போய் வேலையைப் பாரு, கிளெனிஸ்."

"காட்டுடா டெஸ்."

வலது கையை மேசைமேல் வைத்தான். பக்கத்திலிருந்த பென்சில் உருள ஆரம்பித்தது.

"எப்போலேருந்து?"

"போன வருஷம்தான் டாக்டர் இந்த நோய்க்குப் பேர் சொன்னாரு. அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

"என்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

"சொன்னா நீ பாவம்னு பார்ப்பே. அதுக்கு உன் கத்தலே தேவலை."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது. ஆத்திரத்தைத்தான் காட்டினேன். "நார்மை உன் கையாலதான் வரையணும்னு அவ கையெழுத்துப் போடப்போற ஒப்பந்தத்துல இருக்கு. நோயாளியை நம்பி எவ பணம் போடுவா?"

"நார்ம் வர்ற இடத்தையெல்லாம் வெட்டிடு."

"வெட்டினா மிஞ்சுறது கடல்தான். கேளு, வேணும்னேதான் பண்ணோம்னு சொல்லிடலாம். கிழவன், நடுங்குறான். நீ கையை மட்டும் பாக்கெட்டை விட்டு எடுக்காதே."

அன்னெக்ரெட் நேரத்துக்கு வந்தாள். நாங்கள் வாங்கி வைத்த லாமிங்டன் கேக்கைத் தொடவில்லை. விளக்கை அணைத்தோம். திரையில் நார்ம் படகுத்துறைத் தூணில் நின்று இறக்கையை விரிக்கிறான். இறக்கை நடுங்குகிறது. விரிக்க முடியாமல் மடக்கிக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்க்கிறான். சிரிக்க வேண்டிய இடம். அவள் சிரிக்கவில்லை.

"அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க."

போட்டோம்.

"இந்த நடுக்கம் யாரோட யோசனை?"

"டெஸ்ஸோடதுதான்" என்று முந்திக்கொண்டேன்.

"ரொம்ப நல்லா இருக்கு. எனக்கு எல்லாக் கதையிலயும் இது வேணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது, இதே அளவு. முடியுமா மிஸ்டர் பாஸ்கோ?"

சரி என்று சொல்லித் தொலையேன்டா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். டெஸ் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தான்.

"இதே அளவுன்னா முடியாதும்மா. இது கூடிக்கிட்டேதான் போகும்."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"படத்தை இயக்குறது யாரு?"

"நான்தான். வாய் நடுங்கல. வேணும்னா இவளைக் கேளுங்க."

"அதுல எந்தக் குறையும் இல்ல" என்றேன்.

அவள் சிரிக்காமலே பேனாவைத் திறந்தாள். "அப்ப நார்மை மட்டும் எல்லாக் கதைக்கும் முதல்ல வரைஞ்சு முடிச்சிடுங்க. மத்த மிருகங்கள் காத்திருக்கும்."

ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள். ஒரு லாமிங்டனை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு காருக்குப் போய்விட்டாள்.

டெஸ் தன் அறைக்குப் போனான். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை.

"ரெண்டாவது கதையோட தாளை எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். கடைசிக் கதையோடதைக் கொண்டா."

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

"அதுலதானே அவன் பறக்கணும்" என்றான், பென்சிலைச் சீவிக்கொண்டே. "அதை இன்னிக்கே வரைஞ்சிடறேன்."